சீன தேசத்தில் ஒரு போஜன யாத்திரை

யாத்திரை என்றால் மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் வேண்டும் என்பது நம் பெரியோர் கொள்கை. சாப்பிடுவதற்கென்றே ஒரு யாத்திரை உண்டு என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆயினும் இன்று உலகில் இத்தகைய யாத்திரைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு கோஷ்டி, ஒரு வழிகாட்டி, நாலைந்து ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் அந்த மண்ணுக்கே உரிய சமையலை, அதில் கைதேர்ந்தவர்களின் மேஜையில் அமர்ந்து உண்பது, இவ்வளவுதான் ஏற்பாடு. அத்தகைய கோஷ்டி ஒன்றில் நாமும் சேர்ந்து, யாங்சௌ, ஷியான், செங்டூ, ஷுண்டே என்னும் நான்கு சீன நகரங்களுக்குச் சென்று வந்தோம். பூகோளமும் சரித்திரமும் கற்பித்து வயிறு வளர்க்கும் நமக்கு, அவ்விரண்டையும் வயிற்றின் மூலமாகவே கற்றுக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

சீனச் சமையல் என்றவுடன் நம் வாசகர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, காலிபிளவரைப் பொரித்துச் சிவப்புக் குழம்பில் புரட்டி எடுக்கும் ‘மஞ்சூரியன்’தான். மஞ்சூரியாவில் யாரும் அதைக் கண்டதில்லை. ‘மஞ்சூரியன்’ என்ற பெயரே 1970-களில் பம்பாயில் பிறந்தது. அதை இகழ்வதற்காகச் சொல்லவில்லை; நாக்குக்கு இதமான பதார்த்தம்தான். ஆனால் அதைக் கொண்டு சீனாவை அளப்பது, டில்லிக் கடை ஒன்றில் விற்கும் ‘சாம்பாரை’க் கொண்டு தஞ்சாவூரை அளப்பது போல் ஆகும்.

உண்மையில், ‘சீனச் சமையல்’ என்று ஒன்று இல்லை என்பதைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். சுங் வம்சத்து அரசர்களின் தலைநகராக இருந்த கைபெங் நகரத்தைப் பற்றி மெங் யுவான்லாவ் என்பவர் 1147-ஆம் ஆண்டில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில், அந்நகரில் தென்னாட்டு உணவுக்குத் தனிக் கடைகளும் சிச்சுவான் உணவுக்குத் தனிக் கடைகளும் இருந்த செய்தி வருகிறது. தூர தேசத்திலிருந்து தலைநகருக்கு உத்தியோகம் பார்க்க வந்தவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு இல்லாமல் தொண்டையில் இறங்கவில்லை போலும்! உத்தியோகஸ்தர்கள் எந்தக் காலத்திலும் உத்தியோகஸ்தர்களே. இப்போது எல்லாரும் சொல்லும் ‘எட்டுப் பெரும் சமையல்கள்’ என்ற கணக்கு மட்டும் மிகச் சமீபத்தியது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் வழக்கத்துக்கு வந்தது. ஷாண்டுங், சிச்சுவான், குவாங்டுங், ஜியாங்சு முதலிய எட்டு மாகாணங்களுக்கு அதில் இடம் கிடைத்தது. இடம் கிடைக்காத மாகாணத்தார் இன்றும் அதைப் பற்றி முணுமுணுக்கிறார்கள்.

சிறு கோஷ்டியாகப் போவதிலும் ஒரு பொருள் இருக்கிறது. சீனாவில் ஒருவனாகப் போய்ச் சாப்பிட உட்காருபவன் பரிதாபத்துக்கு உரியவன். இலைக்கு இலை தனித்தனியாகப் பரிமாறும் சம்பிரதாயம் அங்கே கிடையாது. சோறு மட்டுமே அவரவர் கிண்ணத்தில். மற்றவை எல்லாம் நடுவில், எல்லாருக்கும் பொதுவாக. தனியாள் ஒன்று அல்லது இரண்டு பதார்த்தங்களோடு எழுந்திருக்க வேண்டியதுதான். எட்டுப் பேர் இருந்தால் பத்துப் பன்னிரண்டைச் சுவைத்துவிடலாம். ‘எட்டு அமரர் மேஜை’ என்று பக்கத்துக்கு இருவராக எண்மர் அமரும் சதுர மேஜை பழைய வீடுகளில் உண்டு. வாசலை நோக்கிய இடம் முக்கிய விருந்தாளிக்கு.

விருந்து மண்டபங்களில் இப்போது காண்பது வட்ட மேஜை. அதன் நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு. இதைப் புராதனச் சீன வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1915-ஆம் ஆண்டில் இதை வற்புறுத்தி எழுதியவர் நம்மவர்களுக்கு அணுக்கமான பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியன் டே. கேம்பிரிட்ஜில் வைத்தியம் படித்தவர். 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய கொடிய நுரையீரல் பிளேக்கை, துணி முகமூடி கட்டச் செய்தும் பிணங்களை எரிக்கச் செய்தும் அடக்கிய மகான். எல்லாரும் வாயில் வைத்த குச்சிகளையே பொதுப் பாத்திரத்தில் விட்டுத் துழாவுவதனால் க்ஷயரோகம் பரவுகிறது என்று கண்டு, சுழலும் தட்டையும் அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டியையும் வைக்கச் சொன்னார். தட்டு நிலைத்துவிட்டது. தனிக் கரண்டி நல்ல விடுதிகளில் மட்டும் இருக்கிறது. நம் நாட்டு எச்சில் சாஸ்திரத்தில் ஊறிய நம் கோஷ்டியினர் அந்தக் கரண்டியைக் கண்டபோதெல்லாம் டாக்டர் வூவை மனத்துக்குள் வாழ்த்தினார்கள்.

முதலில் யாங்சௌ. பெருங் கால்வாயும் யாங்ட்ஸே நதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே இருக்கும் இந்நகரம், பதினெட்டாம் நூற்றாண்டில் உப்பினால் செழித்தது. கடற்கரையில் காய்ச்சிய உப்பை உள்நாட்டுக்கு அனுப்பும் ஏகபோகத்தைச் சர்க்காரிடம் பெற்ற வர்த்தகர்கள் குபேரர்களாயினர். சக்கரவர்த்தி சியென்லுங் 1751 முதல் 1784 வரையில் ஆறு முறை தெற்கே பவனி வந்தபோது அவரை உபசரிக்கும் போட்டியில் அவர்கள் பணத்தை வாரி இறைத்தார்கள். அப்போது தனவந்தர் வீட்டு அடுக்களைகளில் வளர்ந்த கலைதான் ஹுவாய்யாங் சமையல். அதில் காரம் இல்லை, எண்ணெய் மிதப்பதில்லை, வாசனைச் சரக்குகளின் ஆர்ப்பாட்டம் இல்லை. கத்தியே எல்லாம்.

யாங்சௌவின் புகழ் ‘மூன்று கத்திகள்’ என்பார்கள். சமையற்காரன் கத்தி, நாவிதன் கத்தி, காலில் ஆணி எடுப்பவன் கத்தி. மூன்றாவதைப் பரீட்சிக்க நமக்குத் தைரியம் வரவில்லை. முதற் கத்தியின் திறமையை ஒரு சமையற்காரர் எதிரே நின்று காட்டினார். சோயாப் பயற்றின் பாலைத் திரித்துக் கட்டும் ‘டோபு’ என்பது, புதிதாய் வெட்டிய இளநீர் வழுக்கையைப் போல் தொட்டால் குழையும். அந்த மெத்தென்ற கட்டியைப் பலகைமேல் வைத்து, அகன்ற கத்தியால் முதலில் ஏடு ஏடாகவும், பிறகு திருப்பி இழை இழையாகவும் நறுக்கினார். கத்தி மேலும் கீழும் போகும் ஓசை மழைத் தூற்றல்போல் இருந்தது. முடிவில் பலகைமேல் இருந்தது வெள்ளைக் கூழ் என்றுதான் தோன்றிற்று. அதைத் தண்ணீரில் விட்டுக் குச்சியால் மெல்ல அசைத்தார். ஆயிரக்கணக்கான வெள்ளை இழைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், தலைமயிர்போல் விரிந்து மிதந்தன. சியென்லுங் காலத்தில் வென்ஸி என்ற பௌத்த பிக்ஷு ஆக்கியதாகச் சொல்லப்படும் இந்த ரசத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. இப்போது பெரும்பாலும் கோழி ரசத்தில் இடுகிறார்கள். நம் கோஷ்டியில் சைவர் மூவர் இருந்தபடியால், பிக்ஷுவின் முறைப்படியே காளான் ரசத்தில் செய்து கொடுத்தார்கள். பற்களுக்கு வேலை இல்லை. நாக்கில் ஒரு பட்டுத் துணி நழுவிச் செல்வது போலிருந்தது.

அன்று இரவு விருந்து. சிறு தட்டுகளில் தொடங்கிச் சுழலும் தட்டில் வந்துகொண்டே இருந்தன. அன்னப்பட்சி உருவில் செதுக்கிய முள்ளங்கி, பூவாக மலர்ந்த மீன், கூடையாக நெய்த மாவுப் பண்டம்! எட்டாவதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். அப்போது நம் நினைவுக்கு வந்தவர் யுவான் மேய். நான்கிங்கில் வாழ்ந்த கவி. உத்தியோகத்தை இளமையிலேயே துறந்து தோட்டம் போட்டு, சாப்பிட்டு, எழுதிக் காலம் கழித்தவர். 1792-இல் அவர் வெளியிட்ட பாகசாஸ்திர நூல் சீன மொழியில் பெரும் புகழ் பெற்றது. அதில் அவர் இரண்டு வகைச் சாப்பாட்டைக் கண்டிக்கிறார். ஒன்று காதால் சாப்பிடுவது. பதார்த்தத்தின் பெயரையும் விலையையும் கேட்டு மகிழ்வது. மற்றது கண்ணால் சாப்பிடுவது. மேஜை நிறையப் பரப்பி வைத்துப் பார்த்து மகிழ்வது. ஒரு வர்த்தகர் வீட்டில் மேஜையை மூன்று முறை மாற்றி, பலகாரத்தில் மட்டும் பதினாறு தினுசுடன், நாற்பதுக்கு மேற்பட்ட வகைகள் பரிமாறினார்களாம். வீட்டுக்காரருக்குத் தாங்காத பெருமை. யுவான் மேயோ வீட்டுக்குத் திரும்பியதும் கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பசியாறினார்! நன்றாகச் சமைத்த டோபு குருவிக்கூட்டு ரசத்தைவிட எவ்வளவோ மேல் என்பதும் அவர் தீர்ப்பு. ‘உயர்தர விருந்து’ என்று பெயர் சூட்டி நடத்தும் நவீன யாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பெரியவரின் நூலை முன்கூட்டி அனுப்பி வைத்தால் நலம்.

யாங்சௌவின் காலை வேளை இதற்கு நேர்மாறு. தேநீர்க் கடையில் ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகளில் சிறு கொழுக்கட்டைகள். மெல்லிய இழைகளாக நறுக்கி வேகவைத்த கட்டி டோபு. பக்கத்து மேஜைகளில் பேரன் பேத்திகளோடு கிழவர்கள். யாருக்கும் அவசரம் இல்லை. நமக்கு மட்டும் ரயில் இருந்தது.

ஷியான் நகரத்தில் ஒரே நாள் தங்கினோம். நெல் மறைந்து கோதுமை ஆட்சி செலுத்தும் வடநாடு அது. அங்கே ஆட்டிறைச்சி ரசத்தில் ரொட்டியைப் போட்டு உண்கிறார்கள். விசேஷம் என்னவென்றால், கெட்டியான அந்த ரொட்டியை விருந்தாளிதான் தன் கையால் பயறு அளவுக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். பிறகே அது அடுக்களைக்குப் போகும். பொறுமையாகப் பிய்த்தவன் எவன், பசியால் பதறியவன் எவன் என்பதைத் துண்டுகளைப் பார்த்தே சமையற்காரன் கண்டுகொள்வானாம். பரீட்சைத் தாள் திருத்தும் நமக்கு அவன் ஒரு சகோதரனாகத் தோன்றினான். இடுப்பு வார் அகலத்துக்கு இழுத்து நீட்டிய ‘பியாங்-பியாங்’ என்ற மாவு நாடாவும் அங்கே உண்டு. அந்த ‘பியாங்’ என்ற ஒரே எழுத்தை எழுத ஐம்பதுக்கு மேற்பட்ட கோடுகள் வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களைக் கண்டு அஞ்சும் நம் மாணவர்கள் அதிருஷ்டசாலிகள்.

மறுநாள் காலை ஷியானில் மாவு உண்டு, மத்தியானம் செங்டூவில் சோறு உண்டோம். இரண்டுக்கும் நடுவே நிற்பது சின்லிங் மலைத்தொடர். பூகோளப் புத்தகத்தில் கோடாகக் காட்டும் எல்லையை நேரில் கடப்பது ஓர் ஆனந்தம். சின்லிங் மலையும் கிழக்கே ஹுவாய் நதியும் சேர்ந்து சீனாவை இரண்டாகப் பிரிக்கின்றன. ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை என்ற வரம்பு அங்கேதான் செல்கிறது. வடக்கே வறட்சி, கோதுமை, ரொட்டி. தெற்கே ஈரம், நெல், சோறு. மலைவழியின் கொடுமையைத் தாங் காலத்துக் கவி லி போ பாடிப் புகழ்பெற்றார். 2017 டிசம்பரில் திறந்த அதிவேக ரயில் அந்த மலையைக் குடைந்து, சுரங்கம் சுரங்கமாகப் பாய்ந்து, சுமார் 4 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுரங்கத்துக்குள் நுழையும்போது மஞ்சள் மண். வெளியே வரும்போது பச்சை வயலும் மூங்கிலும் பனிமூட்டமும்.

செங்டூவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். யுனெஸ்கோ சபை 2010-ஆம் ஆண்டில் அதற்குப் போஜனக் கலைநகரம் என்ற பட்டம் அளித்தது. சிச்சுவான் என்றால் காரம் என்பதே உலகின் எண்ணம். நம் ஊர்க் கடைகள் ‘ஷெஸ்வான்’ என்று எழுதிவைத்து மிளகாயைக் கொட்டுகின்றன. ஆனால் மிளகாய் அங்கே நேற்று வந்த விருந்தாளி. நமக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அதே அமெரிக்கச் செடிதான், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீனக் கடற்கரைக்கும் வந்தது. 1591-இல் காவ் லியென் என்பவர் எழுதிய நூலில் அது அழகுச் செடியாகவே குறிக்கப்படுகிறது, யாரும் தின்னவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் போர்களில் சிச்சுவான் ஜனங்கள் பெரும்பாலும் அழிந்து, கிழக்கு மாகாணங்களிலிருந்து குடிகள் திரள் திரளாக வந்து குடியேறிய பிறகே, மிளகாய் மெல்ல மெல்ல அடுக்களை ஏறியது.

இங்கே மொழியார்வமுள்ள வாசகர்களுக்கு ஒரு செய்தி. புதிதாக வந்த பழத்துக்கு நாம் ‘மிளகாய்’ என்று பெயரிட்டோம். பழக்கமான மிளகைக் கொண்டு புதியதை அழைத்தோம். சீனர்களும் அதையே செய்தார்கள். அவர்களுக்குப் பழக்கமானது ‘ஜியாவ்’ என்ற நாட்டு மணி. வந்தது ‘லாஜியாவ்’ ஆயிற்று. அதாவது உறைக்கும் ஜியாவ். நம் மலைநாட்டு மிளகு முன்னமே அங்கே போய் ‘ஹூஜியாவ்’, அந்நிய நாட்டு ஜியாவ், என்ற பெயரில் உலாவிக்கொண்டிருந்தது. 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே சுவான்சௌ துறைமுகத்தில், 1974-இல் தோண்டி எடுத்த சுங் காலத்துக் கப்பலின் அடித்தளத்தில் மிளகு மணிகள் கிடந்தன.

அந்த நாட்டு ஜியாவ் என்பதுதான் ‘ஹுவாஜியாவ்’. மிளகுக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சைக் குலத்தைச் சேர்ந்த முள்மரத்தின் காய்த்தோல். கொங்கணத்தார் மீன்குழம்பில் போடும் ‘திர்பல்’ இதன் நெருங்கிய சகோதரி. வாயில் போட்டால் முதலில் எலுமிச்சை மணம். அடுத்த நிமிஷம் உதடும் நாக்கும் மரத்து, உள்ளே தம்பூராத் தந்தி அதிர்வது போன்ற உணர்ச்சி. லண்டன் சர்வகலாசாலையில் 2013-இல் செய்த பரிசோதனையில், அந்த உணர்ச்சி விநாடிக்கு 50 முறை அதிரும் பொருளைத் தொடுவதற்கு ஒப்பானது என்று கண்டிருக்கிறார்கள். இந்த மரப்பும் மிளகாயின் உறைப்பும் சேர்ந்தால்தான் சிச்சுவானின் பிரசித்தமான ருசி.

அந்த ருசிக்குத் தாயகம் அரண்மனை அன்று. 1862-ஆம் ஆண்டையொட்டி, செங்டூவின் வடபுறத்துப் பாலம் ஒன்றின் அருகே சென் என்ற குடும்பத்தார் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கூடைகளைத் தோளில் சுமந்து செல்லும் கூலியாட்கள் அங்கே இளைப்பாறுவார்கள். மலிவான டோபுவும் கொஞ்சம் இறைச்சியும் சேர்த்து, எண்ணெயும் காரமும் மரப்புமாகக் கடைக்கார அம்மாள் ஆக்கிப் போடுவாள். அவள் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததால் ‘மா-போ டோபு’, அம்மைத் தழும்புக் கிழவியின் டோபு, என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று வெள்ளை விரிப்பிட்ட மேஜையில், கைக்குட்டையை அன்னமாக மடித்து வைத்து, நமக்குப் பரிமாறியதும் அதுவே. கூலிக்காரன் பசிக்குப் பிறந்த பதார்த்தத்தை ராஜாக்கள் உண்ணும் காலம்!

எல்லாம் காரம் என்று வாசகர்கள் அஞ்ச வேண்டாம். ‘கொதிநீர்க் கோசு’ என்று ஒன்று வந்தது. வெந்நீரில் ஓர் இளங் கோசுக்கீரைக் குருத்து மிதப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ‘வெந்நீர்’ கோழி, வாத்து, பன்றித்தொடை முதலியவற்றை மணிக்கணக்காகக் காய்ச்சி, கொத்திய கோழிச் சதையை விட்டு மண்டியை ஈர்த்து, மீண்டும் மீண்டும் தெளிய வைத்த சாரம். சைவர்கள் கண்ணால் ஏமாறத் தகுந்த பதார்த்தம் இது ஒன்றே. வழிகாட்டி முன்னரே எச்சரித்துவிட்டாள். அந்த மூவருக்கும் மறுநாள் வென்ஷு மடாலயத்தின் சைவச் சாப்பாட்டுக் கூடத்தில் ஈடு கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டில் லியாங் வம்சத்துச் சக்கரவர்த்தி வூ, பிக்ஷுக்கள் புலால் உண்ணலாகாது என்று விதித்ததிலிருந்து சீன மடங்களில் சைவச் சமையல் தழைத்தது. வெங்காயமும் பூண்டும்கூடக் கூடாது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் அங்கே போனால், குளித்து முழுகி வந்துதான் சமைக்கிறார்களா என்பதை மட்டும் விசாரிப்பார்கள். காளானையும் கோதுமைப் பசையையும் கொண்டு மீன் போலவும் வாத்து போலவும் செய்து வைத்திருந்தார்கள். விட்டொழித்ததன் உருவத்தை ஏன் மேஜைமேல் வைக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இவ்வளவு ருசிகளின் பூமியில்தான் பசியும் மிகக் கொடுமையாகத் தாண்டவமாடியது. 1958-இல் கிராமங்கள் கம்யூன்களாக்கப்பட்டன. வீட்டு அடுப்புகள் அணைந்தன; எல்லாரும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் உண்ண வேண்டும் என்றாயிற்று. எஃகு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கொல்லைப்புற உலைகளில் வீட்டு இரும்புச் சட்டிகளைக்கூட உருக்கினார்கள். தானியக் கணக்கை மிகைப்படுத்திக் காட்டிய அதிகாரிகள், அந்தக் கணக்குப்படியே தானியத்தைக் கொள்முதல் செய்துகொண்டு போனார்கள். 1959 முதல் 1961 வரையில் நிகழ்ந்த பஞ்சத்தில் தேசமெங்கும் கோடிக்கணக்கான உயிர்கள் மடிந்தன; மாகாணங்களில் அதிக உயிர்களை இழந்தது சிச்சுவானே. பெயர்பெற்ற சமையற்காரர்களின் கைம்முறைகளைத் திரட்டிச் சர்க்கார் புத்தகத் தொகுதிகளாக அச்சிட்டுக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

பிறகு 1966-இல் கலாசாரப் புரட்சி வந்தது. புகழ்பெற்ற போஜன சாலைகள் பெயர் மாற்றப்பட்டன. நுட்பமான சமையல், தனவந்தர்களின் ஆடம்பரமாகக் கருதப்பட்டது. தனிமனிதன் கடை வைத்துச் சோறு விற்கலாம் என்ற நிலை திரும்புவதற்கு, பீகிங்கின் சந்து ஒன்றில் யுவேபின் என்ற சிறு சாப்பாட்டுக் கடை திறந்த 1980-ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் இந்தக் கலை எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்வி, ஒவ்வொரு விருந்தின்போதும் நம்மை விட்டபாடில்லை.

செங்டூவில் நமக்கு வழிகாட்டியாக வந்த அம்மாளுக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். நாம் பள்ளி ஆசிரியர் என்று அறிந்தது முதல் ‘லாவ்ஷி’, வாத்தியாரே, என்று மரியாதையாக அழைத்து வந்தாள். விருந்து முடிந்ததும், மிஞ்சியதைத் தானே சிறு பெட்டிகளில் எடுத்துக் கட்டிவிடுவாள். ஒரு பருக்கை விடமாட்டாள். உணவை வீணாக்குவதைத் தடுக்க 2021 ஏப்ரலில் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அளவுக்கு மீறி மிச்சம் வைப்பவரிடம் ஹோட்டல்காரர் கட்டணம் வாங்கவும் அதில் இடமுண்டு. சட்டத்துக்குப் பயந்து செய்கிறாளோ என்று நம் கோஷ்டியில் ஒருவர் கேட்டார்.

“சட்டம் நேற்று வந்தது. எங்கள் வீட்டில் பாட்டியின் சட்டம்” என்றாள்.

பிறகு நாம் கேட்காமலேயே சொன்னாள். பாட்டி செங்டூவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாழ்ந்தவள். 1958-இல் சட்டியை எடுத்துப் போக வந்தவர்கள் அதையும், சட்டுவத்தையும், கதவுத் தாழ்ப்பாளையும் எடுத்துப் போனார்கள். மூலையில் இருந்த ஊறுகாய் ஜாடியை விட்டுவிட்டார்கள். அது மண்ஜாடி, இரும்பில்லை. சிச்சுவானில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஜாடி உண்டு. வாயைச் சுற்றிப் பள்ளம் இருக்கும். அதில் நீரை ஊற்றி மூடியைக் கவிழ்த்தால் உள்ளே காற்று நுழையாது. உள்ளிருந்து எழும் வாயு மட்டும் நீரில் குமிழியிட்டு வெளியேறும். உள்ளே உப்பு நீரும் இஞ்சியும் ஹுவாஜியாவும். அந்த உப்பு நீரைக் கொட்டுவதில்லை. பழகப் பழக ருசி ஏறும். தாய் வீட்டு நீரில் ஒரு பங்கு பெண்ணோடு புக்ககம் போகும், நம் வீட்டுத் தயிர் உறையைப்போல.

“பஞ்ச காலத்தில் போடுவதற்கு முள்ளங்கி ஏது, லாவ்ஷி? வரப்பில் கிடைத்த கீரையைப் போட்டாளாம். அதுவும் இல்லாத நாட்களில், பள்ளத்து நீர் வற்றிவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டாளாம். என் மாமன் இருவர் அந்த ஆண்டுகளில் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. ‘ஜாடியைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும்’ என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள் என்று அம்மா சொல்வாள்.”

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

செங்டூவை விட்டுப் புறப்படும் நாள் காலையில் அவள் ஒரு கண்ணாடிப் புட்டி கொண்டுவந்தாள். பாட்டியின் ஜாடி நீரில் ஊறிய முள்ளங்கியும் காராமணிக் காயும். ஹோட்டல்காரரிடம் சொல்லி எட்டுக் கிண்ணம் அரிசிக் கஞ்சி வரவழைத்தாள். முள்ளங்கி மொறுமொறுவென்று இருந்தது. புளிப்பு கூர்மையாக வந்து, உப்பாக மாறி, கடைசியில் இஞ்சியின் மணமாக முடிந்தது. பழையதுக்கு மாவடு தொட்டுக்கொண்டு வளர்ந்த நம் கோஷ்டியில், இது என்ன பதார்த்தம் என்று கேட்க ஒருவரும் இல்லை. கிண்ணங்கள் மீண்டும் ஒருமுறை நிரம்பின. அந்தப் பன்னிரண்டு நாட்களில் நாம் உண்டவற்றுள் முதலிடம் இதற்கே.

கடைசியாகத் தெற்கே ஷுண்டே. குவாங்சௌவுக்கு அருகில், முத்துநதியின் கழிமுகத்தில், எங்கும் நீரும் வரப்புமான பிரதேசம். பழைய நாளில் இங்கே ஓர் அற்புதமான விவசாயம் நடந்தது. குளத்தில் மீன், கரையில் முசுக்கட்டைச் செடி, அதன் இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் கழிவு மீனுக்கு, மீனால் வளம்பெற்ற குளத்துச் சேறு மீண்டும் செடிக்கு. பட்டு நூற்ற பெண்களில் பலர், கூந்தலைத் தாமே முடிந்துகொண்டு ‘விவாகம் செய்துகொள்வதில்லை’ என்று விரதம் பூண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார்கள். 1930-களில் பட்டு வியாபாரம் வீழ்ந்தபோது அவர்களிற் பலர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறி, பெரிய வீடுகளில் சமையலும் குழந்தை வளர்ப்புமாக உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பினார்கள்.

ஷுண்டே சமையற்காரருக்குக் குவாங்டுங் முழுவதும் மதிப்பு. அவர்கள் மீனை வேகவைக்கும் முறையில் ஒளிவு மறைவே இல்லை. உயிரோடு இருந்த மீன். சில நிமிஷ ஆவி. இஞ்சி, வெங்காயத்தாள், காய்ந்த எண்ணெய், சோயாச் சாறு. முள்ளை ஒட்டிய சதை இம்மியளவு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அரை நிமிஷம் அதிகமானால் கெட்டது என்பார்கள். செங்டூவின் ஆரவாரத்துக்குப் பின் இது சங்கீதம் ஓய்ந்த மண்டபம் போலிருந்தது. முதல் வாயில் நமக்குச் சப்பென்றுதான் பட்டது. நாலாவது வாயில் புரிந்தது.

சீனாவில் பாலைத் தேடினால் பல மாகாணங்களில் ஏமாற வேண்டியதுதான். ஷுண்டேயில் எருமை உண்டு, எருமைப் பாலும் உண்டு. ‘இரட்டை ஆடைப் பால்’ என்பது இவ்வூர்ப் பலகாரம். காய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் ஊற்றி ஆடை படிய விடுகிறார்கள். ஓரத்தில் ஒரு துளை செய்து, ஆடை கிண்ணத்தின் அடியில் தங்கும்படி பாலை மட்டும் வடித்து, முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கலந்து, அதே துளை வழியாகத் திரும்ப ஊற்றி ஆவியில் வைக்கிறார்கள். பழைய ஆடை மேலே மிதந்து வர, அதன்கீழ் புதிய ஆடை ஒன்று படிகிறது. கரண்டியில் எடுத்தால் நடுங்கும். வாயில் வைத்தால் இருக்காது.

நம் கோஷ்டியைச் சேர்ந்த கும்பகோணத்து அம்மாள் முட்டை என்று கேட்டதும் கிண்ணத்தை அப்பால் தள்ளிவிட்டார். ஆனால் சமையற்கட்டு வரையில் போய்ப் பாலின் கெட்டித்தன்மையை நோட்டம் விட்டு, “இவ்வளவு நல்ல எருமைப் பாலை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் தயிர் தோய்ப்பதில்லை? கேளுங்கள்” என்றார். கேட்டோம். கடைக்காரி வழிகாட்டியிடம் இரண்டு முறை திருப்பித் திருப்பி விசாரித்துக்கொண்டு, பாலைப் புளிக்க வைத்துச் சோற்றில் பிசைவதா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாள் விடுவதாயில்லை. எலுமிச்சைப் பழம் ஒன்று கிடைக்குமா, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான பால் கிடைக்குமா, ராத்திரி முழுவதும் மூடி வைக்க ஓர் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லி, மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பதாகக் கடைக்காரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.